தபால் அண்ணன் போட்ட கோட்டைச் சுற்று

ஒரு நாள் சாயங்காலம் தபால் அண்ணன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்து சேர்ந்தார். பின்சக்கரம் தட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. சைக்கிள் கடை நடத்தும் அவர் தங்கை வாய்க்குள் முணுமுணுத்தபடி டயரைக் கழற்றினாள். ட்யூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் விரல் விரலாக அமுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தாள். வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

“எங்கண்ணே ஓட்டை?”

“இல்லையா? அப்ப சரி பாப்பா. காத்து மட்டும் அடிச்சுடு.”

“காத்து தானா எறங்கிப் போச்சா? உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுப் போச்சா?”

“இருக்கும்மா. யாரு கண்டா.”

இரண்டு வருடம் கழித்து, சைக்கிள் வாடகைக்கு எடுக்க வந்த ஒரு பெண் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அவள் தன்னோடு வேலை பார்க்கும் பெண்களோடு கோட்டை மேட்டுக்குச் சைக்கிளில் போயிருக்கிறாள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. பாதி மேட்டில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்தவர்கள் அவளைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்களாம். எதிரே இறங்கி வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று குனிந்து தன் சைக்கிளின் பின்சக்கரத்தில் என்னவோ செய்தார். ‘உஸ்’ என்று ஒரு சத்தம். “அடடா, பஞ்சர். மேல காவலாளிகிட்ட பம்ப் இருக்கும். நானும் தள்ளிட்டுத்தான் வரணும். துணைக்கு வாங்கம்மா” என்று அவள் கூடவே மேடு ஏறினார். மேலே நின்ற பெண்களின் சிரிப்பு அதோடு அடங்கிவிட்டது. மேலே பம்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டதும் தங்கைக்கு முதலில் கண்ணீர் வரவில்லை. ‘இந்த மனுஷனால என் அரை மணி நேரம் தண்ணித் தொட்டியில போச்சே’ என்ற எரிச்சல்தான் வந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்ணனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். முப்பத்துநாலு வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி, ஒரே மகள் தொலைதூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, தங்கையின் கடைக்குப் பின்னால் உள்ள அறைக்கு வந்துவிட்டார். ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவரில் ஒரு சாமி படம். விடியற்காலையில் எழுந்து குளித்து, படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்மூடி நிற்பார். பிறகு கடை வாசலைக் கூட்டி, பன்னிரண்டு சைக்கிளையும் வரிசையாக நிறுத்துவார். நல்ல மனுஷர். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. ஆனால் நல்ல மனுஷரோடு காலம் தள்ளுவதற்கும் ஒரு பொறுமை வேண்டும். ஆண்டவன் அதைத் தங்கைக்குச் சிக்கனமாகத்தான் கொடுத்திருந்தான்.

அவள் முன்பு தையல் வேலை செய்தவள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். கோட்டையையும் ஏரியையும் பார்க்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கியதும், தையல் மெஷினை விற்று, தைரியமாகப் பன்னிரண்டு சைக்கிள் வாங்கிப் போட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் சுற்றுலா ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இவள் கடையில் தொடங்கி, கல் வாய்க்கால், பறவை ஏரி, எழுத்துப் பாறை, கோட்டை எல்லாவற்றையும் காட்டி, மறுபடியும் கடைக்கே வந்து சேருகிற மாதிரி ஒரு சைக்கிள் சுற்று வேண்டும். தூரம் பதினாலு கிலோமீட்டர், அரை நாள். வழி தெரிந்த ஆள் யாராவது அம்புக்குறி போட்டுக் கொடுத்தால் போதும்.

“இந்தப் பக்கத்துல எங்க அண்ணனுக்குத் தெரியாத வழி எறும்புக்குக்கூடத் தெரியாதுங்க” என்றாள் தங்கை. தன் வாயாலேயே சொன்னாள். அதை நினைத்துப் பிற்பாடு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாளோ.

அண்ணன் நாலே நாளில் வேலையை முடித்தார். மரக்கம்பம் நட்டு, பலகை அடித்து, சிவப்புப் பெயிண்டில் பட்டை பட்டையாக அம்பு போட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. கடையைப் போட்டுவிட்டு நகர முடியாததால் தங்கை அந்த வழியில் ஒரு தரமும் போய்ப் பார்க்கவில்லை. முதல் நாள் போனவர்கள் திரும்பி வந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது.

“அக்கா, கோட்டை அதோ கண்ணுக்கு எதிர்லயே தெரியுது. அதுக்குப் போக எதுக்கு ஒரு மாட்டுக் கொட்டாயைச் சுத்தணும்?” என்றார் ஒருவர்.

“ஒரே வாய்க்காலை மூணு தரம் தாண்டினோம்” என்றாள் அவர் மனைவி.

அன்று மாலை தங்கை ஒரு தாளைக் கொடுத்து அண்ணனை வழியை வரையச் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வரைந்தார். முதலில் மாவு மில். அங்கிருந்து பின்பக்கமாக டீச்சரம்மா வீடு. அப்புறம் வாய்க்காலைத் தாண்டிப் பால்காரர் கொட்டகை. திரும்பவும் வாய்க்கால். பிறகு ஏரிக்கரையில் படகுக்காரர். தாளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உச்சந்தலை சூடாகியது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இது ஊரைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாக இருந்தது.

“அண்ணே! இது நீங்க தபால் குடுத்த வழி!”

“ஆமா.”

“ஊரைச் சுத்திக் காட்டச் சொன்னா, கடிதாசி குடுக்குற வரிசையில அம்பு போட்டு வச்சிருக்கீங்களே!”

“வேற வழி எனக்குத் தெரியாதே பாப்பா” என்றார் அவர். குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். முப்பத்துநாலு வருடமாக அந்தக் கால்கள் மிதித்த வழி அது ஒன்றுதான். அவரைப் பொறுத்தவரை கோட்டை என்பது காவலாளிக்குத் தபால் கொடுக்கிற இடம். எழுத்துப் பாறை என்பது வெயிலுக்கு ஒதுங்கிப் பையை அடுக்குகிற இடம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒரு இளைஞன் கோபமாக வந்து சைக்கிளை நிறுத்தினான். கேரியரில் கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் பறவை பார்க்கத்தான் வந்தேன். பறவை சுமக்க வரல.”

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. தபால்காரராக இருந்த காலத்தில், ஆபீஸ் சட்டத்துக்குத் தெரியாமல், இந்த வீட்டுச் சாமான் ஒன்றை அந்த வீட்டில் கொடுப்பது அண்ணனின் வழக்கமாக இருந்திருக்கிறது. இப்போது அதே வழியில், அதே வரிசையில், அவர் போட்ட அம்பைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் வரவும், அங்கிருந்தவர்கள் தங்கள் தபால் அண்ணன்தான் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். “நேராத்தானே போறீங்க? இதை டீச்சரம்மாகிட்ட குடுத்துடுங்க.” வெளியூர்க்காரர்களுக்கு முகத்தை முறித்து இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவர் குடை சுமந்தார். ஒருவர் மருந்துப் பொட்டலம் சுமந்தார். சிலருக்கு அது பிடித்தும் இருந்தது, அவர்கள் கடைக்கு வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிடிக்காதவர்கள் சுற்றுலா ஆபீசுக்கு எழுதிப் போட்டார்கள்.

“அண்ணே, அவங்க ஊர் பார்க்க வந்தவங்க. கூலிக்கு வந்தவங்க இல்ல.”

“வழியிலதானே இருக்கு பாப்பா.”

“வழியில இல்லண்ணே! வழியைத்தான் நீங்க அங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க!”

செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை அளவை அதிகாரி ஒருவர் வந்து சைக்கிளில் முழுச் சுற்றும் போய்ப் பார்ப்பார். வழி சரியாக இருந்தால் வரைபடத்தில் அச்சாகும். இல்லையென்றால் சுற்று ஏரியின் மறுகரையில் உள்ள வேறு கடைக்கு மாற்றப்படும். மறுகரைக்குப் போனால் இந்தப் பக்கம் ஈ காக்கை வராது. தையல் மெஷினும் கையில் இல்லை. தங்கை கணவருக்குப் போன் போட்டாள்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிக் குறுக்கு வழி போடச் சொல்லு” என்றார் அவர். “இல்லன்னா பன்னிரண்டு சைக்கிளையும் நாம ரெண்டு பேரே மாத்தி மாத்தி ஓட்ட வேண்டியதுதான்.”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு.”

“அழாதே. அவரு நல்லவரு, சொன்னா கேப்பாரு.”

சொன்னாள். அண்ணனும் “சரி பாப்பா” என்றார். பெயிண்ட் டப்பாவையும் பலகைகளையும் கட்டிக்கொண்டு இரண்டு நாள் காலையில் போய் மாலையில் வந்தார். சட்டையெல்லாம் சிவப்பு. தங்கை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அதிகாரி வந்தார். தொப்பி, பளபளக்கும் ஷூ, சக்கரத்தில் மாட்டித் தூரம் பார்க்கும் ஒரு சிறு கருவி. ‘குட் மார்னிங்’ என்பதைக்கூட அளந்துதான் சொன்னார். இருப்பதிலேயே நல்ல சைக்கிளைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினாள். பதினொன்றரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. இரண்டரை ஆனபோது அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, குறுக்கு வழி அம்பெல்லாம் போட்டீங்கல்ல?”

“போட்டுட்டேன் பாப்பா. ஒண்ணு விடல.”

“பழைய அம்பை எடுத்துட்டீங்கல்ல?”

எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது.

“அதை எப்படிம்மா எடுக்கறது? எடுத்தா அவங்க என்ன நெனப்பாங்க? ரெண்டும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். யாரும் குழம்பக் கூடாதுல்ல? அதான் புதுசுல ‘அவசரம்’னும் பழசுல ‘நிதானம்’னும் எழுதிட்டேன்.”

பேசினால் பாவமாகிவிடும் என்று தங்கைக்குத் தெரியும். கையில் கிடைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தன் கடைச் சைக்கிளில் அந்தச் சுற்றில் அவள் போனது அதுதான் முதல் தரம்.

மாவு மில்லில் திரும்புவதற்குள் மில்காரர் உடம்பெல்லாம் மாவோடு ஓடி வந்தார்.

“அதிகாரியைத் தேடியா? காலைலயே வந்தாரும்மா. தங்கமான மனுஷன். டீச்சரம்மா கண்ணாடியைக் குடுத்து அனுப்பினேன். இந்தா, பெட்டியைக் குடுக்க மறந்துட்டேன். நீ போறியே.”

“நான் எதுவும் கொண்டு போகலண்ணே!”

“வழியிலதானே இருக்கு” என்று அவர் பெட்டியைக் கேரியரில் செருகிவிட்டார். அந்த வார்த்தை ஊருக்கே தொற்றிக்கொண்டிருந்தது.

டீச்சரம்மா வாசலிலேயே நின்றார். “வா, வா. கண்ணாடி வந்துச்சு, பெட்டி வரலயேன்னு பார்த்தேன். அந்த ஆபீசர் ரொம்ப வேர்த்துப் போயிருந்தாரு. தண்ணி குடுத்தேன். கூடவே படகுக்காரனுக்கு ஒரு பூசணிக்காயும் குடுத்தேன்.”

“பூசணிக்காயா!”

“சின்னதுதான்.”

கல் வாய்க்காலின் வளைவுகளுக்கு அடியில் போகும்போது மேலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் கழுத்தில் விழுந்தது. எந்தக் காலத்து மனிதர்களோ சுண்ணாம்பும் கல்லும் வைத்துக் கட்டிய வளைவுகள். பச்சைப் பாசி படர்ந்து, உள்ளே ஊதுகுழல் மாதிரி காற்று சத்தம் போட்டது. இன்னொரு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பாள். ஏரிக்கரையில் வெள்ளைப் பறவைகள் ஒரேயடியாக எழும்பி மறுபடியும் உட்கார்ந்தன. ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொழைப்புதான் போகப் போகுது’ என்று அவள் பெடலை மிதித்தாள். படகுக்காரர் பூசணிக்காயைக் காட்டிக் கையாட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் போனாள்.

கோட்டை வாசலில்தான் ஆள் அகப்பட்டார். இடிந்த மதிலின் நிழலில் ஒரு கல்லில், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் மூடி போட்ட ஒரு கூடை. கூடைக்குள் ஏதோ கொக்கரித்தது.

“ஐயா, மன்னிச்சுடுங்க” என்றாள் தங்கை மூச்சு வாங்க.

“உக்காருங்கம்மா” என்றார் அதிகாரி. குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்தது. “எட்டு மணியிலேர்ந்து நான் ஏழு வீட்டுக்கு வேலை செஞ்சிருக்கேன். ஆபீஸ்ல சேர்ந்த இருபது வருஷத்துல இவ்வளவு வேலை செஞ்சதில்ல.”

“‘அவசரம்’னு போட்டிருக்கிற பக்கம் வந்திருக்கலாமேங்க...”

“அந்தப் பக்கம்தாம்மா போனேன்! ‘அது தப்பு வழி, இப்படி வாங்க’ன்னு பின்னாலயே ஓடி வந்து கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பேரு சைக்கிளையே புடிச்சுட்டாங்க.” கருவியைத் திருப்பிக் காட்டினார். “பதினாலு கிலோமீட்டர் சுத்துல இப்பவே இருபத்தாறு ஆச்சு. இன்னும் எழுத்துப் பாறை பாக்கி இருக்கு. இந்தக் கோழியைக் காவலாளிகிட்ட குடுக்கணும், அந்த ஆளையும் காணோம்.”

தங்கைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மெஷினை விற்றது, கணவர் சாலையிலேயே கிடப்பது, எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அதிகாரி கோழியைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“கோட்டை நல்லா இருக்கு. வாய்க்கால் ரொம்ப நல்லா இருக்கு. இந்த வழிதான் பைத்தியம் புடிச்ச வழி. நான் ஒண்ணு செய்யறேன். சுத்து உங்க கடையிலேர்ந்தே ஆரம்பிக்கட்டும். ஆனா இந்தச் செவப்பு அம்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எங்க ஆளுங்க நேர் வழியில இரும்புப் போர்டு வைப்பாங்க. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க.”

அண்ணனைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. ஆனால் பேனா அதற்குள் ஓடிவிட்டது. கோழிக்கூடை மூடியின் மேல் தாளை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்தார்.

“சரி பாப்பா. கடை நெலைச்சுதே. சாமி காப்பாத்துச்சு.”

அவ்வளவுதான். இரும்புப் போர்டு வைக்க ஆட்கள் வந்தபோது, தன் கம்பங்களைப் பிடுங்க அவரே கூடப் போனார். எந்த இடத்தில் மண் இறுகியிருக்கும், எந்தக் கம்பத்துக்கு அடியில் கல் வைத்தேன் என்று சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோனார். அதைப் பார்த்துத் தங்கைக்குத்தான் ஆற்றாமை பொங்கியது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனுஷர்.

“உங்களுக்குக் கோபமே வராதாண்ணே?”

“வரும்மா.”

“எப்ப?”

“எப்பவாவது.”

வரைபடம் அச்சாகி வந்தது. சனி, ஞாயிறுகளில் பன்னிரண்டு சைக்கிளும் போதவில்லை. போனவர்கள் மூன்று மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். ஆனால் மில்காரர் கடை வாசலில் வந்து நின்றார். “என்னம்மா, இப்பல்லாம் யாருமே நம்ம பக்கம் திரும்ப மாட்டேங்கறாங்க?” டீச்சரம்மா ஆள் விட்டுக் கேட்டார். அண்ணன் பழைய சைக்கிளை எடுத்தார். அறுபத்தேழு வயதில், காலைக் கும்பிடு முடிந்ததும் தினமும் அந்தப் பழைய சுற்றைத் தானே சுற்றத் தொடங்கினார்.

“முழங்கால் வலின்னு ராத்திரி பூரா முனகறது யாரு? நானா?” என்று தங்கை கத்தினாள்.

“மெதுவாத்தான் போறேன்.”

“அவங்களுக்குக் கால் இல்லையா? மில்லுல இருக்கறவரு டீச்சரம்மா வீட்டுக்கு நடந்து போனா என்ன, தேஞ்சா போயிடுவாரு?”

“போகலாம். ஆனா போக மாட்டாங்க பாப்பா. அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. பதினஞ்சு வருஷமா.”

அது அவளுக்குத் தெரியாது. அந்தச் சுற்றில் இருந்த எந்த வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபோது எரிச்சல் குறையவில்லை, இன்னும் கூடியது. ‘இதை முன்னாடியே சொல்லியிருந்தா கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேனே’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

மழை பெய்த ஒரு நாள் வாய்க்கால் ஓரத்தில் சைக்கிள் சறுக்கி அண்ணனுக்கு மணிக்கட்டு முறிந்தது. செய்தி கேட்டு மகள் வந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்து அழுதுவிட்டு, இனி ஒரு நாள்கூட இங்கே விட மாட்டேன் என்று பெட்டியைக் கட்டினாள். அண்ணன் அதற்கும் சரி என்றார்.

மகள் வீட்டில் அவர் மூன்று மாதம் இருந்தார். ஒரு விடியற்காலையில், கும்பிட நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது. கஷ்டப்படுத்தாமல் அழைத்துக்கொண்டான் ஆண்டவன். கடையின் பின் அறையில் இப்போது பழைய டயர்கள் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் தங்கை கடையைக் கணவரிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ விட்டுவிட்டு, இரும்புப் போர்டு காட்டாத அந்தத் திருப்பங்களில் திரும்பிப் போய்வருகிறாள். போகிற வழியெல்லாம் வாயில் திட்டுத்தான். “நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?” என்று கேட்டுக்கொண்டேதான் அவர்கள் நீட்டும் சாமானை வாங்குவாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அண்ணன் மகளோடு ஊருக்குக் கிளம்பிய நாளில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடலாம். காலையில் அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. ஒரு கூட்டம் சைக்கிள் கேட்டு வந்ததைச் சாக்காக வைத்துக் கடையிலேயே நின்றுவிட்டாள். அண்ணனும் மகளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய்விட்டார்கள். ஆட்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் வாசலில் சைக்கிள்கள் போன இடம் வெறுமையாகக் கிடந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, அப்படியே ஓடினாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரத்தில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே! போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை திட்டிட்டுப் போங்க. உங்களைக் கேக்காம கையெழுத்துப் போட்டேன். திட்டுங்கண்ணே!”

அவர் ஜன்னல் கம்பி வழியாக நல்ல கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். நெற்றி சுருங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் கோபம் மாதிரி ஒன்றை அவள் பார்த்தது அப்போதுதான்.

“திட்டறதுக்கு நெறைய இருக்கு பாப்பா. பஸ் கெளம்பறதுக்குள்ள முடியாது, கை சரியானதும் எழுதிப் போடறேன். கடையைத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கே பாரு, அறிவிருக்கா உனக்கு? முதல்ல ஓடிப்போய் அதைப் பூட்டு.”